செல்லப்பிராணியும் தோல் நோயும்

பிரிக்பீல்ட்ஸ் கடைவீடுகளின் ஐந்தடியிலும் கிள்ளான் சந்தையிலும் பூனைகளை எளிதில் காணலாம். மழையில் நனைந்து நடுங்கும் குட்டியைக் கண்டால், பள்ளி முடிந்து வரும் மாணவர் பலருக்கு மனம் கேட்பதில்லை. தூக்கி அணைத்து வீட்டிற்குக் கொண்டு செல்கின்றனர். ஓரிரு வாரங்களில், அணைத்த கையில் வட்ட வடிவில் சிவந்த தடிப்பு தோன்றி அரிக்கலாம். குட்டியின் காதோரத்திலும் முடி உதிர்ந்திருக்கலாம். இவை படர்தாமரையின் அறிகுறிகளாகும்.

இந்நோயை மலாய்மொழியில் ‘குராப்’ என்பர். இதன் ஆங்கிலப் பெயர் ‘வளையப் புழு’ எனப் பொருள்படும். ஆயினும், இதற்கும் புழுவுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. 1841ஆம் ஆண்டில், பாரிஸில் பணியாற்றிய டேவிட் குருபி எனும் மருத்துவர் இவ்வகையைச் சேர்ந்த தலைத்தோல் நோய் ஒன்றை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதற்குப் பூஞ்சையே காரணம் எனக் காட்டினார்.

பூனையிடமிருந்து பெரும்பாலும் மனிதருக்குத் தொற்றுவது மைக்ரோஸ்போரம் கேனிஸ் எனும் பூஞ்சையாகும். தோலின் மேற்படலத்திலும் முடியிலும் உள்ள கெராட்டின் எனும் புரதமே அதற்கு உணவு. உதிரும் முடியோடு அதன் வித்துகள் விரிப்பிலும் சீப்பிலும் மெத்தையிலும் படிந்து, பல மாதங்கள் உயிரோடிருக்கும். நோய்க்குறி தென்படாத பூனையும் அவற்றைச் சுமந்து திரியக்கூடும்.

பூனைகள் பரப்பும் மற்றொரு பூஞ்சை நோய் ஸ்போரோட்ரிகோசிஸ். முள் குத்துவதாலும் மண், செடிகொடிகளாலும் இந்நோய் வருவதுண்டு. நம் நாட்டிலோ பூனையின் கீறலும் கடியும் முக்கியக் காரணங்களாக உள்ளன. 2012இல் கோலாலம்பூர் மருத்துவமனையின் மருத்துவர்கள் 19 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அவர்களுள் சிலர் முன்னர்ப் பூனையால் கீறப்பட்டவர்கள் அல்லது கடிக்கப்பட்டவர்கள். இந்நோயில் முதலில் சிறு கட்டி தோன்றிப் புண்ணாகும். பின்னர்க் கையின் மேற்புறம் நோக்கி வரிசையாகக் கட்டிகள் எழலாம். ஆகவே, கீறல் பட்டவுடன் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் நன்கு கழுவுதல் வேண்டும்.

நோய் கண்டபின் இரு தவறுகள் நிகழ்கின்றன. முதலாவது, வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவுவது. அது சிவப்பையும் அரிப்பையும் அடக்கும். ஆனால், பூஞ்சை உள்ளே தடையின்றிப் பரவும். மருத்துவர் தரும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தையே, அவர் சொன்ன காலம் முழுவதும் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது தவறு, பூனையைத் தெருவில் விட்டுவிடுவது. இதனால் நோய் ஒழிவதில்லை. வேறொரு பிள்ளையின் கைக்கு மாறுகிறது. பூனையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, குணமாகும்வரை தனி அறையில் வைத்துப் பராமரித்தலே முறை. மனிதரும் பூனையும் ஒரே காலத்தில் சிகிச்சை பெற்று, விரிப்புகளும் தூய்மை செய்யப்பட்டால்தான் நோய் திரும்பாது.

குட்டியைத் தூக்கி வந்தது இரக்கம். அது நோயுற்றபோதும் கைவிடாமல், கையுறை அணிந்து மருந்திடுவதே அந்த இரக்கத்தின் தொடர்ச்சியாகும்.