அடிபட்ட பறவைக்கு முதல்ல தண்ணி வேண்டாம்

கீழே விழுந்து கிடக்கிற பறவையைப் பார்த்ததும் நம்ம கை தானா தண்ணிச் சொம்புக்குத்தான் போகுது. பாவம், தவிச்சுக் கிடக்குதேன்னு அலகைத் திறந்து நாலு சொட்டு விடுறோம். தங்கச்சிங்களா, தம்பிங்களா, அதை மட்டும் செய்யாதீங்க. பறவைக்கு மூச்சுக்குழாயோட வாசல் நாக்கு முடியுற இடத்துலேயே திறந்திருக்கு. நாம ஊத்துறது நேரா அதுக்குள்ள போயிடும். அடியில பிழைச்சது நம்ம தண்ணியில போய்ச் சேர்ந்துடும். பாலும் வேண்டாம், பால்ல நனைச்ச பிரெட்டும் வேண்டாம். பறவைக்குப் பால் செரிக்காது.

அந்த நேரத்துல அதுக்கு வேண்டியது இருட்டு, அமைதி, கொஞ்சம் வெதுவெதுப்பு. ஒரு அட்டைப்பெட்டியில முதல்லயே காத்துக்கு ஓட்டை போட்டுடுங்க. பறவையை உள்ள வெச்சுட்டு அப்புறம் குத்தக் கூடாது. அடியில பழைய வேட்டித்துணியை விரிங்க. டர்க்கி டவல்னா நூல் வளையத்துல நகம் மாட்டிக்கும். இன்னொரு துணியைப் பறவை மேல போட்டு மூடித் தூக்குங்க, கண் மறைஞ்சாலே பாதி பயம் அடங்கிடும். ரெண்டு இறக்கையையும் உடம்போட சேர்த்துப் பிடிக்கலாம், ஆனா நெஞ்சை அழுத்தாதீங்க. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைஞ்சாத்தான் அதுக்கு மூச்சே. உடம்பு சுட்டா ஜுரம்னு பயப்படவும் வேண்டாம், 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுறது பறவைக்கு இயல்பு.

பருந்தும் ஆந்தையும் நம்மளக் காயப்படுத்துறது கால் நகத்தால, அதனால கெட்டித் துணியால முதல்ல காலை அடக்குங்க. கொக்கு, நாரைன்னா கண்ணைக் குறிவெச்சுக் குத்தும், முகத்தைத் தள்ளியே வெச்சுக்கோங்க.

“மஞ்சள் பத்துப் போடலாமாக்கா?”ன்னு கேட்காத ஆள் இல்லை. வேண்டாம்மா. எண்ணெயோ களிம்போ பட்டா இறகு ஒட்டிப்போய், குளிரையும் தாங்காது, பறக்கவும் உதவாது. ரத்தம் வந்தா சுத்தமான துணியால சில நிமிஷம் அழுத்திப் பிடிங்க. நகம் உடைஞ்சு கசிஞ்சா ஒரு சிட்டிகை கார்ன்ஃப்ளவர் அப்பலாம். இறக்கை தொங்குதுன்னு ஐஸ் குச்சி வெச்சுக் கட்டுறது பெரிய கெடுதல். எலும்பு கோணலாக் கூடிட்டா அந்தப் பறவைக்கு ஆயுசுக்கும் வானம் கிடையாது.

மாஞ்சா நூலை 2017-லயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை செஞ்சது. ஆனா இன்னும் மரத்துக்கு மரம் தொங்குது. இறக்கையில அது சுத்தியிருந்தா இழுத்துடாதீங்க, தசையே அறுந்துடும். ரெண்டு பக்கமும் கொஞ்சம் நீளம் விட்டு வெட்டி, நூலோடவே டாக்டர்கிட்ட கொண்டு போங்க. உசரத்துல மாட்டியிருந்தா தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்க, 101.

பூனை கவ்வின பறவை பார்க்கிறதுக்கு நல்லா இருந்தாலும் நம்பாதீங்க. பூனை எச்சில்ல இருக்கிற கிருமி ரெண்டு நாள்ல கொன்னுடும். அன்னிக்கே ஆன்டிபயாடிக் போட்டாகணும்.

இப்போ குஞ்சுங்க விஷயம். எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான், ஏன்னா கோடையில ‘காப்பாத்தி’ வீட்டுக்குக் கொண்டு வர்ற குஞ்சுகள்ல நிறைய, காப்பாத்தவே தேவையில்லாதது. கிட்டப் பாருங்க: குட்டை வால், வாயோரம் மஞ்சள் விளிம்பு, உடம்பு முழுக்க இறகு முளைச்சு, தத்தித் தத்திப் போற மைனாக் குஞ்சு. அது கூட்டை விட்டு இறங்கிப் பறக்கக் கத்துக்குது. தாயும் தகப்பனும் கரண்ட் கம்பியில உட்கார்ந்து உங்களைத்தான் திட்டிக்கிட்டு இருக்கும். பூனை எட்டாத கிளையில வெச்சுட்டு நகர்ந்து வாங்க. நாம தொட்டா தாய் சேர்க்காதுங்கிறதும் உண்மை இல்லை. இறகே முளைக்காததுன்னா கூட்டுக்குள்ளேயே வைங்க. கூடு கலைஞ்சிருந்தா, அதே மரத்துல தேங்காய் நார் போட்டு ஒரு சின்னக் கூடையைக் கட்டுங்க. காக்கா ஊட்டுற குயில் குஞ்சை எந்தக் காரணத்துக்கும் எடுக்காதீங்க, காக்காவை விட நல்லா நீங்க வளர்க்க மாட்டீங்க.

உண்மையிலேயே அடிபட்டதுன்னா வீட்டுல வெச்சுக்காதீங்க. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி 48 மணி நேரத்துக்குள்ள வனத்துறைக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ சொல்லியாகணும். கிளிக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். சென்னையில கிண்டி வனத்துறை இருக்கு, வேளச்சேரி சாலையில புளூ கிராஸ் இருக்கு. மத்த ஊர்ல வனச்சரக அலுவலகம், இல்லேன்னா அரசு கால்நடை மருத்துவமனை. எந்த இடத்துல கிடைச்சதுன்னு எழுதிக் கொடுங்க, குணமான பிறகு அங்கேயே விடணும். தனியா நம்ம கையிலேயே வளர்ற குஞ்சு மனுஷனையே சொந்தம்னு நினைச்சுக்கும், பூனைக்கும் பயப்படாது. அதனாலதான் கொஞ்சல், போட்டோ எதுவும் வேண்டாங்கிறேன்.

காயம் ஆறினதும் உடனே பறக்க விடுறதும் தப்பு. பெரிய கூண்டுல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தடுமாறாமப் பறக்கணும், தானா இரை எடுக்கணும். விடுறது காலையில, மழை இல்லாத நாளா இருக்கட்டும். ஆந்தையை மட்டும் பொழுது சாய்ஞ்ச பிறகு விடுங்க. பகல்ல விட்டா காக்காக் கூட்டம் சூழ்ந்து கொத்தித் திரும்பவும் கீழே தள்ளிடும்.