எரிபொருள் கலமும் நாட்டின் ஆற்றல் சேமமும்

முன்னுரை

கலம் என்னும் சொல் தமிழில் பல பொருள் தரும். உண்ணும் ஏனம் உண்கலம். பூணும் நகை அணிகலம். கடலில் செல்வது மரக்கலம். பன்னிரண்டு மரக்கால் கொண்ட நெல்லளவும் கலமே. ஒன்றைத் தன்னுள் ஏற்று வைத்து, வேண்டும்பொழுது தருவது இவற்றுள் பலவற்றின் இயல்பு. இவ்வியல்பு நோக்கியே பேட்டரியை மின்கலம் எனவும், ஃபியூயல் செல்லை எரிபொருள் கலம் எனவும் அறிவியல் தமிழ் வழங்குகிறது. மரக்காயர் என்னும் பெயரே மரக்கலத்தோடு தொடர்புடையது என்று அறிஞர் பலர் கருதுவர். ஆதலின் காயல்பட்டினத்தார்க்குக் கலம் அயற்சொல் அன்று. இக்கலங்கள் இயங்கும் முறையையும், நம் நாட்டில் இத்தொழில் வளர்ந்து வரும் நிலையையும், அதில் நம் கரைக்குரிய இடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

சேமிப்பின் தேவை

யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நாம் அறிவோம். ஏழாண்டு விளைச்சலும் ஏழாண்டுப் பஞ்சமும் வரும் எனக் கனவுக்குப் பொருள் கூறிய அவர்கள், உண்பதற்குச் சிறிது எடுத்துக்கொண்டு எஞ்சிய தானியத்தைக் கதிரிலேயே விட்டுவைக்கும்படி அறிவுறுத்தினார்கள். குவித்து வைத்தால் மட்டும் போதாது, கெடாத வடிவில் வைக்கவேண்டும் என்னும் நுட்பம் இதில் அடங்கியுள்ளது.

மின்சாரத்துக்கும் இதுவே விதி. ஆரல்வாய்மொழிக் கணவாய், முப்பந்தல், கயத்தாறு ஆகிய இடங்களில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்கள்களில் காற்றாலைகள் ஓயாது சுழல்கின்றன. தமிழகக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. ஆயினும் காற்று நம் தேவையறிந்து வீசுவதில்லை. கதிரவனோ மாலையில் விளக்கேற்றும் நேரத்தில் மறைந்துவிடுகிறான். மின்சாரத்தைப் பெருமளவில் மின்சாரமாகவே தேக்கி வைக்க இயலாது. வேறு வடிவுக்கு மாற்றியே வைக்கவேண்டும்.

நீரைத் தேக்குவதும் ஆற்றலைத் தேக்குவதே. 1944 முதல் மின்னாக்கம் செய்துவரும் பாபநாசம் நீர்மின் நிலையம் தாமிரபரணியின் தேக்கத்தால் இயங்குவது. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் மின்சாரம் மிகும்பொழுது நீரை மேலேற்றி, குறையும்பொழுது கீழிறக்கி 400 மெகாவாட் வரை பெறுகின்றனர். ஆயின் மலையில்லாத ஊர்க்கும், ஓடும் வண்டிக்கும், மிதக்கும் கப்பலுக்கும் இம்முறை உதவாது. அங்கே வேதியியல் கலங்களே துணை.

கலங்கள் இயங்கும் முறை

மின்கலம் நிரப்பி வைத்த குதிர் போன்றது. உள்ளிருக்கும் பொருள் தீர்ந்ததும் அதனை மீண்டும் மின்னேற்ற வேண்டும். எரிபொருள் கலமோ அடுப்பைப் போன்றது. எரிபொருள் வந்துகொண்டிருக்கும் வரை மின்சாரம் தரும். ஆனால் அடுப்பில் உள்ளதுபோல் அதில் தீச்சுடர் இல்லை. ஒரு மின்வாயில் ஹைட்ரஜன் தன் எலக்ட்ரான்களை இழக்கிறது. அவை வெளிக்கம்பி வழியே மின்னோட்டமாகச் சென்று மற்றொரு மின்வாயை அடைய, அங்கே ஆக்சிஜனோடு கூடி நீர் பிறக்கிறது. புகை இல்லை; கரி இல்லை.

1839இல் வில்லியம் குரோவ் கண்ட இம்முறை, நெடுநாள் ஆய்வுக்கூடப் பொருளாகவே இருந்து, அப்பொல்லோ விண்கலங்களில் பெரும்பயன் தந்தது. கலம் தந்த மின்சாரத்தால் விண்கலம் இயங்கியது. கலம் ஈன்ற நீரை வீரர்கள் பருகினர்.

நாட்டின் முயற்சிகள்

நம் நாட்டில் இத்துறைக்குத் தாய்வீடு காரைக்குடி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25 அன்று பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் இராதாகிருஷ்ணனால் திறந்துவைக்கப்பெற்றது. ஒருவர் கொடை ஒரு நாட்டின் துறைக்கு வித்தாயிற்று.

அண்மை ஆண்டுகளில் முயற்சி விரைவு பெற்றுள்ளது. உயர்வகை மின்கலங்களை உள்நாட்டிலேயே செய்வதற்கு 18,100 கோடி ரூபாய் ஊக்கத் திட்டத்துக்கு 2021 மே திங்களிலும், தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கி 2023 ஜனவரியிலும் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2024 ஜனவரி முதல் நாள் ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி-58 ஏவுகலத்தின் இறுதி அடுக்கில் இஸ்ரோ தன் எரிபொருள் கலத்தைச் சோதித்து, 180 வாட் மின்சாரம் பெற்றது. எனினும் லித்தியம் அயனிக் கலங்களின் பெரும்பகுதி இன்றும் அயல்நாடுகளிலிருந்தே வருகிறது.

நம் கரையின் இடம்

கொச்சியில் கட்டப்பட்ட ஹைட்ரஜன் எரிபொருள் கலப் படகு 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியில் நடந்த விழாவில் பிரதமரால் தொடங்கிவைக்கப்பட்டது. கலத்தால் ஓடும் கலம்! அடுத்த ஆண்டு செப்டம்பரில் வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் மணிக்கு 10 கனமீட்டர் பசுமை ஹைட்ரஜன் ஆக்கும் முன்னோடி நிலையம் திறக்கப்பட்டது. அந்த ஹைட்ரஜனிலிருந்து பெறும் மின்சாரம் துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்குப் பயன்படுகிறது. நம் ஊரை அடுத்த சாகுபுரத்தில் காஸ்டிக் சோடா ஆக்குவதற்கு உப்புநீரை மின்னாற்பகுக்கும்பொழுதும் ஹைட்ரஜன் உடன்பிறக்கிறது.

குறைகளையும் எண்ணிப் பார்த்தல் ஆய்வு நெறி. ஒரு கிலோ ஹைட்ரஜன் ஆக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும். அதனை எரிபொருள் கலத்தில் இட்டு மீளப் பெறுவதோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆதலின் சில மணி நேரச் சேமிப்புக்கு மின்கலமும், நெடுநாள் சேமிப்புக்கும் கப்பல் போன்றவற்றுக்கும் ஹைட்ரஜனும் என வகுத்துக்கொள்வதே அறிவுடைமை. மேலும், ஒரு கிலோவுக்குக் குறைந்தது ஒன்பது லிட்டர் தூயநீர் வேண்டும். அந்நீரைத் தாமிரபரணியின் கடைமடை உழவரிடமிருந்து எடுத்தல் தகாது. கடல்நீரைத் தூய்மை செய்தே பெறல் வேண்டும். அயலான் கிணற்றை வற்றச் செய்து பெறும் ஒளி, ஒளியாகாது.

முடிவுரை

காற்று நம்முடையது, வெயில் நம்முடையது, உப்பும் துறைமுகமும் நம்முடையவை. கலம் மட்டும் பிறருடையதாயின், முத்தெடுத்த கை வெறுங்கையான கதையாகிவிடும். நம் பிள்ளைகள் கடல்கடந்து பொருளீட்டுவது நெடுநாளைய மரபு, அது வாழ்க. அவர்களுள் ஒரு சிலரேனும் மின்வேதியியல் கற்று இக்கரையிலேயே தொழில் காணவேண்டும். அதற்கு ஆய்வுக்கூடமும் உதவித்தொகையும் வேண்டும். ஊர்ப் பெரியோர் பள்ளிக்கும் மதரசாவுக்கும் வழங்குவது போல இதற்கும் வழங்கலாம். பயன்தரும் கல்வி, கொடுத்தார் மறைந்த பின்னும் நன்மை தருவதன்றோ! தமிழ் மாணவர்க்கும் இதில் பணி உண்டு. மின்னாற்பகுப்பு, மின்வாய், சேமக்கலம் என்னும் சொற்கள் ஏட்டில் உறங்காமல் உப்பளத் தொழிலாளியின் வீட்டுப் பிள்ளைக்கும் விளங்குமாறு எழுதுவதே அப்பணி.

விளைச்சல் காலத்தில் எண்ணிச் சேமித்தவரே பஞ்சத்தில் பிறர்க்கும் அளந்து கொடுத்தனர். நாமும் அவ்வாறு கொடுப்போராக ஆக, வல்ல இறைவன் அருள்புரிவானாக.