எச்ஐவியுடன் வாழும் பெண்களும் எலும்பு நலமும்

எச்ஐவிக்கு முறையாக மருந்து உட்கொள்ளும் பெண்கள் பலர் இன்று 60, 70 வயதைக் கடந்தும் நலமாக வாழ்கிறார்கள். அந்த வயதில் அவர்கள் எலும்பையும் கவனிக்கவேண்டும்.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எல்லாப் பெண்களுக்கும் எலும்பு மெலியும். எச்ஐவி உடலில் உண்டாக்கும் நீடித்த அழற்சி அதை விரைவுபடுத்தலாம். சிகிச்சையின் முதல் ஓரிரு ஆண்டுகளிலும் எலும்பின் அடர்த்தி சற்றுக் குறையும். டெனோஃபோவிர் டிசோப்ராக்சில் என்ற மருந்தை உட்கொள்வோருக்கு இது கூடுதல். அதற்காக மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் சில வாரங்களிலேயே கிருமி மீண்டும் பெருகும். எலும்பைக் குறைவாகப் பாதிக்கும் மாற்று மருந்துகள் உள்ளன, மருத்துவரிடம் கேளுங்கள்.

எலும்பு மெலிவது வெளியே தெரியாது, முறியும்வரை வலிக்காது. எனவே, மாதவிடாய் நின்றுவிட்டால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். ஊசி கிடையாது. சில நிமிடங்கள் அசையாமல் படுத்திருந்தால் போதும்.

கால்சியம் மாத்திரை உட்கொள்கிறீர்களா?

50 வயதைக் கடந்தவருக்கு நாளுக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. பால், தயிர், கேழ்வரகு, முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவற்றில் அது உண்டு. அதற்குமேல், “எலும்புக்கு நல்லது” என்று மகளோ மருமகளோ கடையில் மாத்திரையும் வாங்கி வரலாம். அதை மறுக்கத் தேவையில்லை. வீட்டில் எச்ஐவி பற்றிச் சொல்லாதவர்கள் சாக்குத் தேடவும் வேண்டாம். உட்கொள்ளும் நேரம்தான் முக்கியம்.

பலரும் உட்கொள்ளும் எச்ஐவி மருந்தான டொலுடெக்ராவிரை, கால்சியம் வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும். மருந்து போதிய அளவு இரத்தத்தில் சேராது. சாப்பாட்டுடன் என்றால் இரண்டையும் ஒன்றாக உட்கொள்ளலாம். வெறும் வயிற்றில் என்றால், கால்சியத்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ டொலுடெக்ராவிரை உட்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதுவே பொருந்தும். நெஞ்செரிச்சலுக்கான அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்துக்கோ, சாப்பிட்டாலும் அந்த இடைவெளி வேண்டும். மற்ற எச்ஐவி மருந்துகளுக்கு விதி வேறுபடலாம். எனவே, அடுத்தமுறை செல்லும்போது நாட்டு மருந்து உட்பட வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு மருந்தாளரிடம் காட்டுங்கள்.

உங்கள் உயரம் குறைந்திருந்தாலோ, இலேசாக விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்திருந்தாலோ அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.