பரு போயிற்று, பள்ளம் போகவில்லை

கேள்வி: எனக்கு வயது 26. பருக்கள் நின்றுவிட்டன. கன்னத்தில் குழிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. லேசர் செய்தால் மறையுமா?

பதில்: அடியோடு மறையாது, ஆழம் குறையும். லேசரா, வேறா என்பதைக் குழியின் வகைதான் முடிவு செய்யும். ஊசி குத்தியதுபோல் குறுகி ஆழமாக இருந்தால், அடர்த்தியான டிசிஏ அமிலத்தைக் குழிக்குள் மட்டும் தொட்டு வைப்பார்கள். அலை அலையாக அகன்ற பள்ளமென்றால், தோலை அடியில் பிடித்து இழுக்கும் நார்களை ஊசியால் அறுத்துவிடும் 'சப்சிஷன்' கைகொடுக்கும். மாநிறத் தோலில் லேசரின் சூடு கருமையை விட்டுச்செல்லக்கூடும். அதனால் நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங்கில் தொடங்குவதே என் விருப்பம்: மாதம் ஒருமுறை, 3 முதல் 6 தடவை. தோல் மருத்துவரிடம்தான், பியூட்டி பார்லரில் அல்ல! புதுப் பரு எட்டிப் பார்த்தால், முதலில் அதை அடக்குங்கள்.