பறவைக் கணக்கு

செம்பூரில் ரயில் ஏறி வி.டி. பக்கம் போனால் வழியில் சிவ்ரி வரும். நிலையத்துக்குக் கிழக்கே கடலோரம். தண்ணீர் வற்றியதும் அங்கே சேறுதான் தெரியும். அந்தச் சேற்றில் பூநாரைகள் வந்து மேய்வது உண்டு.

பூநாரையைப் பார்த்திருக்கிறீர்களா? நீண்ட கால். நீண்ட கழுத்து. வளைந்த அலகு. இளஞ்சிவப்பு நிறம்.

சிவ்ரியில் இருந்து வடக்கே போகும் நீர்ப்பரப்புக்குத் தானே கழிமுகம் என்று பெயர். மராத்தியில் 'காடி' என்பார்கள். கடல் நீர் உள்ளே வந்து போகும் இடம் இது. 1990-களில் இருந்து பூநாரைகள் இங்கே ஆயிரக் கணக்கில் வருகின்றன. பனிக்காலத்தில் வரும். மழைக்கு முன் கிளம்பும்.

மும்பையில் இவை முட்டை இடுவதில்லை. குஜராத்தின் கட்ச் பகுதியில் சேற்றைக் குவித்து, மேடு கட்டி, அதில் முட்டை இடும். இங்கே வருவது இரை தேடி. நீரிலும் சேற்றிலும் உள்ள பாசியையும் சிறு உயிர்களையும் தின்னும். அந்த இரைதான் இறகுக்குச் சிவப்பு நிறம் தருகிறது. குஞ்சு சாம்பல் நிறமாகவே இருக்கும்.

எண்ணுவது யார்?

மும்பைக் கோட்டைப் பகுதியில் பழைய சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம். 1883-ஆம் ஆண்டு தொடங்கியது.

சாலிம் அலி மும்பையில் 1896-ஆம் ஆண்டு பிறந்தவர். சிறு வயதில் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. என்ன குருவி என்று தெரியவில்லை. இந்தச் சங்கத்துக்குப் போய்க் கேட்டார். அந்தக் கேள்விதான் அவரைப் பறவை அறிஞர் ஆக்கியது. அவர் 1987-ஆம் ஆண்டு மறைந்தார்.

அதே 1987-ஆம் ஆண்டில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் நடக்கும். விஞ்ஞானிகள் சிலர்தான். குளம், ஏரி, கழிமுகம் ஆகியவையோ ஏராளம். எனவே பொதுமக்கள் சேர்ந்து எண்ணுகிறார்கள். மாணவர், ஆசிரியர், அலுவலகம் போவோர், ஓய்வு பெற்றோர் எனப் பலர் வருகிறார்கள். இவர்களுக்குச் சம்பளம் இல்லை.

எண்ணுவது எப்படி?

முதலில் கடல் நீர் ஏறி இறங்கும் நேரத்தைப் பார்ப்பார்கள். நீர் வற்றினால் பறவைகள் தொலைவில் சிதறி நிற்கும். நீர் ஏறும்போது கரைப் பக்கம் வரும். அப்போது எண்ணுவது எளிது.

பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் 100 பறவைகளை மட்டும் எண்ணுவார்கள். அவை எவ்வளவு இடத்தில் நிற்கின்றன என்று பார்ப்பார்கள். முழுக் கூட்டமும் அதைப்போல் 12 பங்கு இருந்தால், மொத்தம் சுமார் 1,200 பறவைகள்.

பிறகு நாள், நேரம், இடம், பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் எழுதுவார்கள். பார்க்காததை எழுதக் கூடாது. பெயர் தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றே எழுதலாம். தவறாக எழுதுவதைவிட அது மேல்.

விஞ்ஞானிகள் இந்தக் கணக்குகளைச் சரிபார்ப்பார்கள். சென்ற ஆண்டுக் கணக்கோடு ஒப்பிடுவார்கள். பறவை குறைந்திருந்தால் ஏன் என்று ஆராய்வார்கள்.

சில பறவைகளின் காலில் அவர்கள் வளையம் மாட்டுவதும் உண்டு. வளையத்தில் ஓர் எண் இருக்கும். சங்கத்துக்குத் தெரிவிக்குமாறு ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எங்கோ ஒரு மீனவர் அதைப் படித்துத் தகவல் தந்தால், பறவை போன வழி தெரியும். 2022-ஆம் ஆண்டு சில பூநாரைகளின் மேல் சிறு கருவி பொருத்தினார்கள். அதில் ஒன்றின் பெயர் ஹுமாயூன். அது குஜராத்தின் பாவ்நகருக்குப் பறந்து போய், மும்பைக்குத் திரும்பி வந்தது.

கணக்கால் என்ன பயன்?

1971-ஆம் ஆண்டு ஈரானில் உள்ள ராம்சர் என்ற ஊரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. உலகின் முக்கியமான ஈரநிலங்களைக் காப்பது அதன் நோக்கம். பட்டியலில் சேரப் பல விதிகள் உண்டு. ஒரு விதி, வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் அங்கே வர வேண்டும் என்பது. எண்ணாமல் இதை எப்படிச் சொல்வது?

தானே கழிமுகத்தில் ஏறக்குறைய 17 சதுர கிலோமீட்டர் பரப்பு 2015-ஆம் ஆண்டு பூநாரைச் சரணாலயம் ஆனது. 2022 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிப்பு வந்தது. அதே மாதம் திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளமும் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்தது. கூந்தன்குளம் மக்கள் தங்கள் வீட்டு மரங்களிலேயே பறவைகளைக் கூடு கட்ட விடுகிறார்கள். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை.

ஆபத்து தீரவில்லை. கழிமுகத்தில் குப்பையும் கழிவு நீரும் சேர்கின்றன. 2024 மே 20 இரவு காட்கோபர் அருகே ஒரு விமானம் பூநாரைக் கூட்டத்தில் மோதியது. 30-க்கும் மேற்பட்ட பறவைகள் இறந்தன. அந்தப் பகுதி மக்கள்தான் முதலில் தகவல் சொன்னார்கள்.

பறவை பார்க்கத் தொலைவு போக வேண்டியதில்லை. தாராவியை ஒட்டி, மீத்தி நதிக் கரையில் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் அது நகரத்துக் குப்பை கொட்டிய இடம். மரம் நட்டார்கள். காடு ஆனது. பறவைகள் வந்தன. மாட்டுங்காவின் சாலை மரங்களிலும் கிளி, மைனா, குயில் உண்டு. எழுதத் தெரிந்த எவரும் இவற்றின் கணக்கை எழுதலாம்.

புதிய சொற்கள்

கழிமுகம் – கடல் நீர் நிலத்துக்குள் வந்து போகும் இடம்
ஈரநிலம் – நீர் தேங்கும் சேற்று நிலம்
சரணாலயம் – உயிரினங்களைக் காக்கும் இடம்

விடை சொல்லுங்கள்

1. பூநாரைக்குச் சிவப்பு நிறம் எப்படி வருகிறது?
2. 100 பறவை நிற்கும் இடத்தைப்போல் 8 பங்கு இடத்தில் ஒரு கூட்டம் நிற்கிறது. மொத்தம் எத்தனை பறவைகள்?
3. கூந்தன்குளம் மக்கள் ஏன் பட்டாசு வெடிப்பதில்லை?

செய்து பாருங்கள்

நாளைக் காலை 15 நிமிடம் வீட்டு வாசலில் நில்லுங்கள். நாள், நேரம், இடம், பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். அடுத்த வாரம் அதே நேரத்தில் மறுபடி எண்ணுங்கள். இரண்டு கணக்கையும் வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.