உளவியல் பயில்வோர்க்கு ஓர் ஆசிரியரின் அறிவுரை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. உளவியல் மாணவர், நல்லவாடு)

"நீ உளவியல் படிக்கிறாயாமே! என் மனத்தில் இப்பொழுது என்ன இருக்கிறது, சொல் பார்க்கலாம்!"

உளவியல் வகுப்பில் சேரும் மாணவர் எவரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். தந்தையார் கடலுக்குச் செல்பவர். தாயார் மீன் விற்பவர். நான் இப்பாடத்தில் சேர்ந்ததும் ஊரில் பாதிப் பேர் என்னைச் சோதிடனாக எண்ணினர். மீதிப் பேர் பைத்தியக்கார மருத்துவம் படிப்பதாக எண்ணினர். நானோ இவ்விரண்டிலும் சிறிது உண்மை இருக்கும் என்றே நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைத் திருத்தியவர் எங்கள் துறை விரிவுரையாளர். அவர் வகுப்பிலும் வகுப்பிற்கு வெளியிலும் கூறிய அறிவுரைகளை, இப்பாடத்தைப் பயில வரும் இளைய மாணவ நண்பர்களுக்காக ஈண்டுத் தொகுத்துத் தருகின்றேன்.

உளவியல் ஓர் அறிவியல்

மனத்தின் குறிப்புகளை ஆராய்வது நமக்குப் புதிதன்று. தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து ஓர் இயலே அமைத்துள்ளது. திருக்குறளில் குறிப்பறிதல் என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஆனால் மனத்தைச் சோதனைக்கூடத்தில் அளந்து ஆராயும் முறை பிற்காலத்தது. 1879-ஆம் ஆண்டு செருமனியில் லைப்சிக் நகரில் வில்லெம் வுண்ட் என்பார் உளவியலுக்கெனத் தனி ஆய்வுக்கூடம் அமைத்தார். இந்தியாவில் 1916-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் நரேந்திரநாத் சென்குப்தா தலைமையில் இத்துறை தொடங்கிற்று. 1924-இல் மைசூரிலும், 1943-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் உளவியல் துறைகள் தோன்றின.

"மனத்தைப் பற்றி எல்லோரும் பேசலாம். பேசியதைச் சரிபார்க்க ஒப்புக்கொள்பவனே உளவியல் மாணவன்." இதுவே எங்கள் ஆசிரியரின் முதற்பாடம்.

எவ்வாறு படிப்பது?

பள்ளியில் தமிழ்வழியில் பயின்ற என் போன்றோர்க்குத் தடித்த ஆங்கிலப் பாடநூலைக் கண்டதும் கலக்கம் ஏற்படுவது இயல்பு. ஒரு பக்கத்தைப் பத்து முறை படித்து நெட்டுருச் செய்வதே எனக்குத் தெரிந்த வழியாக இருந்தது. ஆசிரியர் அதனை மாற்றினார். "ஒரு முறை படி. புத்தகத்தை மூடு. நினைவில் உள்ளதை எழுது. பிறகு திறந்து பார்" என்றார்.

இதற்குச் சான்றும் காட்டினார். 1885-இல் எபிங்காஸ் என்னும் செருமானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதி எவ்வளவு விரைவில் வருகிறது என்பதை அளந்தார். கற்ற சிறிது நேரத்திலேயே பெரும்பகுதி மறந்துபோகிறது. எஞ்சியது பிறகு மெதுவாகவே மறைகிறது. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்னும் இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தனர். மாணவர்களில் ஒரு சாரார் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தனர். மற்றவர் ஒருமுறை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடங்களில் தேர்வு வைத்தபோது திரும்பப் படித்தவரே முந்தினர். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோதோ, எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டனர். தேர்வுக்கு முதல்நாள் இரவு மட்டும் படிக்கும் நண்பர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

"கலைச்சொல் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொள்; அது தேர்வுக்கு. அதையே உன் தாயாருக்கு, அவர் பேசும் தமிழில் விளக்கிப் பார், அது உனக்கு" என்பதும் அவர் அறிவுரை.

எண்களுக்கு அஞ்சாதே

கணக்கிற்குப் பயந்து உளவியலுக்கு வந்தவர்கள் உண்டு. அவர்களைப் புள்ளியியல் இங்கேயும் எதிர்கொள்ளும். எண்கள் எதற்கு என்பதை ஆசிரியர் ஒரு சோதனையைக் கொண்டு விளக்கினார்.

1968-இல் லத்தானே, டார்லி என்னும் இரு அமெரிக்க உளவியலார் ஓர் அறையில் மாணவர்களை அமர்த்திப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். சுவரில் இருந்த துளை வழியாக அறைக்குள் புகையைச் செலுத்தினர். தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் எழுந்து சென்று தெரிவித்தனர். அறிமுகமற்ற மூவர் சேர்ந்திருந்தபோது 38 விழுக்காட்டுக் குழுக்களிலேயே ஒருவரேனும் தெரிவித்தார். அசையாமல் அமர்ந்திருக்கும்படி முன்பே சொல்லி வைக்கப்பட்ட இருவரோடு இருந்தவர்களில் பத்தில் ஒருவரே எழுந்தார். கூட்டம் பெரிதானால் துணிவும் பெரிதாகும் என்றே நாம் எண்ணுவோம். எண்களோ வேறு கூறின. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, "அவர்களே சும்மா இருக்கிறார்களே" என்று எல்லோரும் அமர்ந்துவிடுகின்றனர்.

இப்பாடத்தைக் கேட்டபோது எனக்கு எங்கள் ஊர் நினைவிற்கு வந்தது.

நல்லவாடு தந்த பாடம்

புதுவைக்குத் தெற்கே, தவளக்குப்பத்தை அடுத்த கடலோர ஊர் நல்லவாடு. 2004 டிசம்பர் 26 ஞாயிறன்று ஆழிப்பேரலை வந்தபோது, சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த எங்கள் ஊர் மகன் ஒருவர் செய்தியறிந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு தொடங்கிய ஊரக அறிவு மையத் திட்டத்தின்படி, எங்கள் ஊரிலும் ஒரு மையம் இருந்தது. அதன் ஒலிபெருக்கி வழியாக மக்களை வெளியேறச் சொன்னார்கள். படகுகளும் வீடுகளும் அழிந்தன. ஆயின் ஊரிலிருந்த ஏறத்தாழ 3600 பேரும் உயிர் தப்பினர் என்று அக்காலச் செய்திகள் பதிவு செய்தன.

நான் வகுப்பில் எழுந்து, "ஐயா, தெரிந்த குரல் ஒன்று ஒலிபெருக்கியில் சொன்னதால், எங்கள் ஊரார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. சோதனை கூறுவதும் இதுதானே?" என்றேன்.

"நல்ல கருத்து. ஆனால் இது கருதுகோள்; இன்னும் முடிவு ஆகவில்லை" என்றார் ஆசிரியர். "எச்சரிக்கை கிடைக்காத பக்கத்து ஊரோடு ஒப்பிட்டாயா? வீடுகள் கரையிலிருந்து எவ்வளவு தொலைவு? மேட்டுக்குச் செல்ல வழி எப்படி? செய்தி எத்தனை நிமிடம் முன்னால் வந்தது? நடந்து முடிந்தபின் எதுவும் நமக்கு முன்பே தெரிந்ததுபோலத் தோன்றும். அந்தத் தோற்றத்தைப் பற்றியும் ஆராய்ச்சி இருக்கிறது. முதலில் போய் விசாரி" என்றார்.

விடுமுறையில் வீட்டில் விசாரித்தேன். ஒலிபெருக்கி கேட்டுத்தான் ஓடினோம் என்றார் தந்தையார். பக்கத்து வீட்டார் கூச்சல் கேட்டு ஓடியதாகவும், ஒலிபெருக்கி பிறகே கேட்டதாகவும் சொன்னார் தாயார். இருவரும் உறுதியாகவே சொன்னார்கள். திரும்பி வந்து ஆசிரியரிடம் கூறினேன். அவர் நைசர் என்பாரின் ஆய்வை எடுத்துரைத்தார். 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்ததன் மறுநாள், அச்செய்தியை எங்கே, எவ்வாறு கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார் நைசர். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து மீண்டும் கேட்டபோது, பலருடைய விடைகள் முன்பு எழுதியதோடு பொருந்தவில்லை. ஆயினும் அவர்கள் உறுதியாகவே கூறினர். உறுதி வேறு, சரி வேறு.

வீட்டாருக்கு மருத்துவன் ஆகாதே

எல்லா அறிவுரைகளிலும் இதனையே நான் பெரிதாகக் கருதுகின்றேன். இது நான் செய்த பிழையால் பெற்ற பாடம்.

முதலாண்டில் அச்சத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் என் தாயாரைப் பற்றி எழுதினேன். இரவில் கடல் இரைந்தால் அவர் எழுந்து வாசற்படியில் வந்து அமர்ந்துவிடுவார். இதைச் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். பாடநூலில் இருந்த ஒரு நோயின் பெயரை இதற்குச் சூட்டி, ஆழிப்பேரலையே காரணம் என்று எட்டுப் பக்கம் எழுதினேன். நல்ல மதிப்பெண் வரும் என்று எதிர்பார்த்தேன். கட்டுரை திரும்பி வந்தபோது ஓரத்தில் ஒரே வரி இருந்தது: "தாயாரைக் கேட்டாயா?"

நான் கேட்கவேயில்லை.

ஊருக்குச் சென்றபோது, மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "ஏன்டா, உங்கப்பா கடல்ல இருக்கிற ராத்திரி எனக்கு எப்படித் தூக்கம் வரும்? எங்கம்மாவும் இப்படித்தான் உக்காந்திருப்பாங்க. சுனாமிக்கும் இதுக்கும் என்ன?" என்றார். என் எட்டுப் பக்கமும் அங்கேயே போயிற்று. கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஆனா ஒண்ணு. திருவிழாவுக்கு மைக் செட் கட்டி அலோ அலோன்னு ஆரம்பிச்சாலே எனக்கு இன்னும் அடிவயிறு கலங்கும். அன்னிக்கு நீ வயித்துல ஏழு மாசம்."

இருபது ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாது. எங்கள் ஊரைக் காத்த ஒலிபெருக்கியைப் பற்றி நான் பெருமையாகப் பேசிய போதெல்லாம் அவர் வாய் திறந்ததில்லை.

இதனையும் ஆசிரியரிடம் கூறினேன். இதற்கு என்ன பெயர் என்று கேட்கத்தான் சென்றேன். அவர் பெயர் எதுவும் கூறவில்லை. "தம்பி, நீ மாணவன். இளநிலைப் பட்டம் வாங்கினாலும் நீ மருத்துவ உளவியலாளன் ஆகமாட்டாய். அதற்கு மேற்படிப்பும், இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற பயிற்சியும் பதிவும் வேண்டும். உன் தாயார் மனம் திறந்து ஒன்று சொன்னார். அதைக் காது கொடுத்துக் கேட்டாய் அல்லவா? அது உன்னால் இயன்றது. அது அவருக்குத் தொல்லையாக இருந்து, உதவி வேண்டும் என்று அவரே விரும்பினால், செல்ல வேண்டிய இடத்தைக் காட்டு" என்றார்.

2022 அக்டோபரில் மைய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தாயாரிடம் இதைச் சொன்னேன். "எனக்கு ஒண்ணுமில்லடா" என்றார். ஆனாலும் அந்த எண்ணை நாட்காட்டியில் பெரிதாக எழுதி வைக்கச் சொன்னார். இவ்வாண்டுத் திருவிழாவில் ஒலிபெருக்கியை எங்கள் தெருமுனையில் கட்டாமல், சற்றுத் தள்ளிக் கட்டும்படி பெரியவர்களிடம் நான் கேட்டுக்கொண்டேன். காரணம் கேட்டார்கள். அதைச் சொல்லும் உரிமை தாயாருடையது என்பதால், எனக்குப் படிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! உளவியல் படித்தால் பிறர் மனத்தை அறியும் வித்தை கைவரும் என்று எண்ணி வராதீர்கள். பிறர் மனம் நமக்குத் தெரிந்துவிட்டது என்னும் எண்ணத்தை விட்டொழிக்கவே இப்பாடம் முதலில் கற்றுத் தருகிறது. மூடிய புத்தகத்தை நினைவுகூர்ந்து பாருங்கள். எண்களைக் கொண்டு சரிபாருங்கள். ஒப்பிடாமல் முடிவு கூறாதீர்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒருவருக்கு ஒரு பெயரைச் சூட்டுமுன் அவரையே கேளுங்கள். இவ்வாறு பயின்றால் நாம் பெறும் பட்டம் நமக்கு மட்டுமன்றி, நம்மைப் படிக்க அனுப்பிய வீட்டிற்கும் ஊருக்கும் பயன்படும் என்பது என் துணிபு.