கேட்டை மறைக்கும் கார்

ஜொகூரின் யோங் பெங்கில் சண்டை முளைக்கும் நாள் எனக்குத் தெரியும்: தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் முதல் நாள். ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகள் காரோடு ஊர் திரும்புவார்கள். எங்கள் தாமான் குடியிருப்பில் வரிசை வீடுகள்; இரண்டாவது கார் பக்கத்து வீட்டு கேட்டைத்தான் மறைக்கும். முதலில் ஹாரன், அப்புறம் வாய், அப்புறம் கை.

ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கக் கமிட்டியில் இருப்பதால் என்னைக் கூப்பிடுவார்கள். 1975இல் தொடங்கிய அமைப்பு. அக்கம்பக்கத்துப் பிணக்கைச் சமரசம் செய்வதையும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வேலையில் சேர்த்தது. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. இருந்தால்தான் தொல்லை, இருவரும் என்னிடம் வழக்காட ஆரம்பித்துவிடுவார்கள்.

போனதும் யார் மேல் தப்பு என்று கேட்பதில்லை. முதலில் வேடிக்கை பார்ப்பவர்களைக் கலைக்க வேண்டும். பத்துப் பேர் பார்க்கும்போது எவரும் இறங்கி வர மாட்டார்கள். கைப்பேசியில் படம் பிடிக்கும் பையனை, “தம்பி, அங்கிளுக்குத் தண்ணி கொண்டா” என்று உள்ளே அனுப்பிவிடுவேன். “கோபப்படாதீங்க” என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. “யாருடா கோபப்பட்டது?” என்று அதற்கே ஒரு சண்டை வரும். “இப்ப யாருக்கு வெளிய போகணும்?” என்று கேட்டால் பேச்சு காருக்குத் திரும்பும். கார் நகர்ந்தால் பாதிச் சூடு இறங்கிவிடும்.

தமிழருக்கும் சீனருக்கும் சண்டை என்றால் நாங்கள் ஆள் மாறிப் போவோம். சீனப் பெரியவரிடம் நான். எங்கள் பையனிடம் கமிட்டியில் இருக்கும் சீன அங்கிள். சொந்த இனத்தார் சொல்லி விட்டுக்கொடுத்தால் தோற்ற மாதிரி உறுத்தும். அந்த அங்கிள் தோளில் கை போட்டு, “பாய், சுடாலா, போதும் விடு” என்றால் பையன் வெட்கப்பட்டுச் சிரித்துவிடுவான். ஆனால் “உங்க ஆளுங்களே இப்படித்தான்” என்ற வார்த்தை வந்த நொடியே குறுக்கே விழ வேண்டும். கார்ச் சண்டை இனச் சண்டையாக அந்த ஒரு வரி போதும்.

குடித்திருந்தாலோ கையில் பாராங் கத்தி இருந்தாலோ சமரசமெல்லாம் கிடையாது. தள்ளி நின்று 999ஐ அழைப்பதுதான்.

அன்றைக்கே கைகுலுக்கச் சொல்லிச் சிலர் வற்புறுத்துவார்கள். எனக்கு அது பிடிக்காது. மறுநாள் இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் போவேன். அடுத்த பெருநாளுக்கு எந்தக் கார் எங்கே நிற்கும் என்பதை மட்டும் பேசிவிட்டு வருவேன்.